மஞ்சள் கயிறு சிவந்த வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்ட போட்டோவை நான் அனுப்பப் போவதில்லை. ஸ்டுடியோவுக்குப் போய், நீ சொன்ன மாதிரியே காட்டன் சேலை கட்டி, சிரித்த முகமாக எடுத்தும் ஆயிற்று. மேசை டிராயரில் கிடக்கிறது. அது உன் பாட்டிலில் ஒட்டக் கூடாத முகம். அதன் கீழே அச்சடிக்கப் போகிறாயே, 'சாலைகள் அடைபட்ட நாட்களிலும் நிற்காத சோப்பு, கள்ளக்குறிச்சியில் ஓர் அம்மா கலக்கியது' என்று, அந்த வரியையும் எடுத்துவிடு. ஏன் என்று போனில் கேட்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே 'சரி விடும்மா' என்பாய், நானும் விட்டுவிடுவேன். இத்தனை வருஷமாக விட்டுவிட்டே பழகியவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து படி. பாதியில் கோபம் வந்தால் வரட்டும், ஆனால் கடைசிவரை படித்துவிடு.

போன வாரம் நீ பேசியதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் கெட்டது. உன் திரவ சோப்பைப் பற்றி எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். நுரைக்காக எல்லோரும் ஊற்றுகிற சரக்கைத் தயாரிக்கும்போதே டையாக்சேன் என்று ஒன்று, புற்றுநோய் வரவைக்கலாம் என்கிறார்களாமே அது, துளியூண்டு கூடவே உண்டாகிவிடுகிறது, அதை யாரும் சேர்ப்பதில்லை, அதனால் லேபிளில் எழுதுவதுமில்லை என்றாய். நீ அந்தச் சரக்கைப் பாதியாகக் குறைத்து, சர்க்கரையிலிருந்து வருகிற சரக்கை மீதிக்குப் போட்டு, கறைக்கு என்சைம் சேர்த்து, நுரை கம்மியானாலும் வெளுப்பு குறையாமல் செய்திருக்கிறாய். கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாய். புதிதாக வந்த சரக்கில் அந்த டையாக்சேன் எவ்வளவு இருக்கிறது என்று சோதனைக்கு அனுப்பியிருக்கிறாய், ரிப்போர்ட் வரப் பத்து நாளாகும், திறப்பு விழாவோ அதற்கு முன்னால் வருகிறது. "பார்ட்னர் ஊத்திடலாம்ங்கிறாரும்மா. எனக்கும் பரவால்லன்னுதான் தோணுது" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். ஆனால் அதே வார்த்தையை அதே மாதிரி, கையில் வேலை இருக்கும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு, நான் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்ன கதைதான் உனக்குத் தெரியாத கதை.

தெரிந்த கதையை நானே உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். விழுப்புரத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுக் கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தேன், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரண்டு நீல டிரம் வைத்துச் சோப்பு கலக்கினேன், பள்ளிக்கூட வாத்தியாரான உன் அப்பா லீவு நாளில் சைக்கிளில் வைத்துக் கடைகளுக்குப் போட்டார், அதிலேதான் நீ வளர்ந்தாய், படித்தாய். இதெல்லாம் நிஜம். கட்டி சோப்பைத் தவிர வேறெதையும் நம்பாத ஊரில், பழைய பாட்டிலில் பச்சைத் தண்ணீர் மாதிரி ஒன்றை ஊற்றி விற்றவள் நான்தான். உன் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எதிரில், "எங்கம்மா கலப்படமே பண்ணாதவங்க" என்று நீ மைக்கில் சொன்னபோது நான் எழுந்து கைகழுவப் போனேன். சாப்பிடவே இல்லை, கைகழுவ என்ன இருக்கிறது? உன் பெண்டாட்டி மட்டும் கவனித்தாள். "இன்னா அத்த, மயக்கமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கொட்டகையில் என்னோடு வேலை செய்தவள் பச்சையம்மா. அவள் பெயரைக்கூட நான் உன்னிடம் அதிகம் சொன்னதில்லை. மலைமேல் இருக்கிற கரியாலூர்க்காரி. அங்கே புருஷன் பாம்பு கடித்துச் செத்துப்போக, கள்ளக்குறிச்சியில் தங்கச்சி வீட்டில் வந்து தங்கியிருந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. உனக்கு அப்போது இரண்டு வயசு. நீ என் இடுப்பில் இருந்ததைவிட அவள் இடுப்பில் இருந்ததுதான் ஜாஸ்தி. ஒரு கையில் உன்னைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் துடுப்பைப் போட்டு டிரம்மைக் கலக்குவாள். நான்தான் பதறிப்போய், காஸ்டிக் தெறிக்கும், பிள்ளையை இறக்கிவிடு என்று கத்துவேன். நீ அவளைப் 'பச்ச, பச்ச' என்றுதான் கூப்பிடுவாய்.

வேலை இதுதான். ஆசிட் ஸ்லரி என்று கறுப்பாக, பாகு மாதிரி ஒரு சரக்கு சென்னையிலிருந்து லாரியில் வரும். அழுக்கை எடுப்பது அதுதான். ஆனால் அது அமிலம், அப்படியே தொட முடியாது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டு, அமிலத்தை அடக்க வேண்டும். குறைவாக விட்டால் துணி அரிக்கும், அதிகமாக விட்டால் கை வெந்துபோகும். சரியான இடத்தில் நிறுத்துவதுதான் தொழில். அதைப் பார்க்கும் லிட்மஸ் தாள் கள்ளக்குறிச்சியில் கிடைக்காது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன், அதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. மஞ்சள் தடவிக் காயவைத்த நூல். ஆலத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே, அதே சங்கதி. நூலை டிரம்மில் தோய்த்துப் பார்த்து, மஞ்சளாகவே இருந்தால் ஊற்றலாம், சிவந்தால் காரம் அதிகம், ஸ்லரி விட்டு அடக்க வேண்டும். பச்சையம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கைக்கு எட்டும்படி இருக்கட்டும் என்று அந்த நூலை, நுனி தொங்கும்படி, அவள் மணிக்கட்டில் நான்தான் கட்டிவிட்டேன். நான் கட்டியது, தம்பி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

அப்போதுதான் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். அந்த வாரம் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது. எங்கள் ஸ்லரி டிரம் உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரி ஆபீசில் மாட்டிக்கொண்டது. மறியலுக்கு முந்தின நாளே அதைப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று போன உன் அப்பாவும் அங்கேயே மாட்டிக்கொண்டார். நம் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் மறியலுக்குப் போயிருந்தார்கள். போனவர்களில் சிலரைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனதாகச் செய்தி வந்தது, யார் யார், எங்கே என்று தெரியவில்லை. பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். யார் வீட்டிலும் அடுப்பு நேரத்துக்கு எரியவில்லை. எங்கேயோ சுட்டுவிட்டார்கள் என்று ஒருத்தி வந்து சொல்வாள், இல்லை என்று இன்னொருத்தி வந்து சொல்வாள். நானும் பயந்துதான் கிடந்தேன். உன் அப்பா மறியலுக்குப் போகவில்லை, ஆனாலும் வழியில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாரோ என்று.

பயந்தவள் பேசாமல் கொட்டகையைப் பூட்டியிருக்கலாம். என் புத்தி அப்படிப் போகவில்லை. வெளியூர் கட்டி சோப்பு எதுவும் கடைக்கு வரவில்லை, நாலு கடைக்காரர்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பிவிட்டார்கள். "இப்ப நீங்க குடுத்தீங்கன்னா இதுக்கப்பறம் ஜனங்க உங்கள்த தான் கேப்பாங்க" என்றார் கடைத்தெரு பாய். அந்த ஆசை பிடித்துக்கொண்டது. டிரம்மில் பாதிக்குக் கீழேதான் ஸ்லரி இருந்தது. அதை வைத்து முழு டிரம் சோப்பு கலக்கினேன். அழுக்கு போக வேண்டுமே, அதற்குக் காஸ்டிக்கையும் சலவை சோடாவையும் கூட்டினேன். கெட்டியாகத் தெரிய உப்பு. நிறத்துக்குச் சாயம். காரம் ஜாஸ்தியானால் எண்ணெய்ப் பிசுக்கு நன்றாகவே போகும், வெள்ளைத் துணி பளிச்சென்று வெளுக்கும். வாங்குகிறவளுக்கு வெளுப்புதான் தெரியும், விரல் வேகிறது அப்புறம்தான் தெரியும். இது எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை. அறியாத்தனம் என்று சொல்லித் தப்பிக்கலாமே என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன், முடியவில்லை. பட்டம் வாங்கிக் கூடத்தில் மாட்டியிருந்தேனே.

காலையில் பச்சையம்மா மணிக்கட்டு நூலை டிரம்மில் விட்டு எடுத்தாள். என்னிடம் நீட்டினாள். "அக்கா, நூலு செவந்துக்கினு வருதுக்கா. ரொம்ப செவப்பா கீது" என்றாள். நான் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த நூலைப் பார்த்தேன், குங்குமமாகச் சிவந்திருந்தது. "பரவால்ல, ஊத்து" என்றேன். அவள் நகரவில்லை. "அடக்க ஸ்லரி இல்லியாக்கா?" என்றாள். "இருந்தா ஊத்த மாட்டனா? உனக்கு நான் சொல்லிக் குடுத்தனா, எனக்கு நீ சொல்லிக் குடுக்குறியா?" என்றேன். அவள் ஊற்றினாள். அன்றைக்கே எல்லாப் பாட்டிலும் கடைக்குப் போய்விட்டது. போராட்ட நாளிலும் சோப்பு நிற்கவில்லை என்று நான் பெருமையடித்தேனே, அந்தச் சோப்பு இதுதான்.

அடுத்த நாள் மத்தியானம். நானே என் சேலையை அந்தச் சோப்பில் துவைத்தேன். குனிந்து கசக்கும்போது தாலிக் கயிறு தொங்கி நுரையில் பட்டிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன், கயிறு ரத்தச் சிவப்பாக இருந்தது. உன் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். காரணம் தெரியும், அந்த வினையைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், ஆனாலும் உன் அப்பா போய் நாலாவது நாள் அது, மனசு கேட்கவில்லை. பிறகுதான் அறிவு வந்தது. புளியைக் கரைத்து அதில் கயிற்றை அலசினேன். பழையபடி மஞ்சளாகிவிட்டது. அப்பாடா என்று இருந்தது. அத்தோடு என் பயம் தீர்ந்தது. மற்ற வீடுகளில் அதே சோப்புதானே போயிருக்கிறது, அவர்கள் கழுத்திலும் கயிறு இருக்கிறதே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. போய்ச் சொன்னால் எதைக் கலக்கினாய் என்று கேட்பார்களே என்றும் கூடவே தோன்றியது. அந்தப் புளித்தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் தெருவே கூடிவிட்டது. முதலில் கண்டவள் செல்வி, எதிர் வரிசையில் மூன்றாவது வீடு. அவள் புருஷனைத்தான் போலீஸ் வேனில் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்கூட்டுக்காரருக்கு இன்னாமோ ஆயிடுச்சி" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் விரல் இடுக்கெல்லாம் தோலுரிந்து கிடந்தது. அவளைப் பார்த்து ஒவ்வொருத்தியும் தன் கயிற்றை எடுத்துப் பார்த்தாள். ஆறேழு பேருக்குச் சிவந்திருந்தது. துணியில் பட்ட மஞ்சள் சோப்புக்குச் சிவக்கும் என்று தெரியாதவள் தமிழ்நாட்டில் உண்டா? ஆலத்தி எடுக்காத கையா அதெல்லாம்? ஆனால் புருஷன் எங்கே என்று தெரியாத நாளில், கழுத்தில் கிடக்கிற கயிறு சிவந்தால், தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். எனக்கே மறந்துபோனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எல்லாரும் ஒரே சோப்பு போட்டவர்கள் என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார்கள். பச்சையம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோடி வீட்டு அம்மா ஒருத்தி, எல்லாருக்கும் மூத்தவள், "யாருடி கலக்குனது?" என்று கேட்டாள். "நான்தாம்மா" என்றாள் பச்சையம்மா. அந்த அம்மா அவள் கழுத்தைப் பார்த்தாள். அதில் கயிறு இல்லை. கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் சிவப்பு நூல். "அடிப்பாவி, கையில செகப்புக் கயிறு கட்டிக்கினு இன்னா வேலடி பண்ற? மலையில கத்துக்கினு வந்தியா? ஒங்கழுத்து மாதிரியே எங்க கழுத்தும் ஆவணுமா?" என்றாள். மலைக்காரர்கள் என்றால் மந்திரம் செய்வார்கள் என்று நம் பக்கத்தில் சும்மாவே ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு அது பேச்சாக இல்லை. ஒருத்தி உன்னை அவள் இடுப்பிலிருந்து பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். நீ 'பச்ச' என்று கையை நீட்டிக்கொண்டு அழுதாய்.

அவள் என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'சோப்பில் காரம் ஜாஸ்தி, தப்பு என்மேல், புளித்தண்ணீரில் அலசுங்கள்.' ஒரு சொம்பு புளித்தண்ணீர் கொண்டுவந்து செல்வியின் கயிற்றை அவள் கண்ணெதிரில் மஞ்சளாக்கிக் காட்டியிருக்கலாம். அழுத பெண்கள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். என்னைத் திட்டியிருப்பார்கள், பாட்டிலைத் திருப்பியிருப்பார்கள், அவ்வளவுதான். நான் சொன்னது வேறு. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இனிமே இவ இங்க வர மாட்டா" என்றேன். என் வாயால், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

கூட்டம் கலைந்த பிறகும் அவள் கொட்டகை வாசலிலேயே நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். கூலிக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே போய், கூலியோடு தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த புதுச் சேலை ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவந்து நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அவளைத் தங்கச்சி வீட்டிலும் இருக்கவிடவில்லை என்று அப்புறம் கேள்விப்பட்டேன். பஸ் ஓடாத நாள். மறுநாள் விடிந்ததும் கச்சிராயபாளையம் வழியாக நடந்தே மலைக்குப் போய்விட்டாளாம். இரண்டு நாள் கழித்துச் செல்வி புருஷன் முழுசாக வீடு வந்து சேர்ந்தார். மலைக்காரி போனதால்தான் வந்தார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். உன் அப்பா டிரம்மோடு வந்து, "பச்சையம்மா எங்க?" என்று கேட்டார். "ஊருக்குப் போயிட்டா" என்றேன். அவர் கடைசிவரை அதை நம்பியபடியே கண்ணை மூடினார். அதற்கப்புறம் நான் ஒரு டிரம்கூடத் தப்பாகக் கலக்கவில்லை. அத்தனை சுத்தமாகக் கலக்கினேன். ஊர் அதைத்தான் பார்த்தது, நீயும் அதைத்தான் பார்த்தாய். சுத்தமாகக் கலக்குவது எனக்குச் சுலபமாகிவிட்டது, வாயைத் திறப்பதுதான் ஆகவில்லை.

நீ 'பரவால்ல' என்று சொன்ன மூன்றாவது நாள் நான் கரியாலூர் போய் வந்தேன். உன்னிடம் கோயிலுக்குப் போகிறேன் என்றேனே, அது பொய். வெள்ளிமலை தாண்டும்வரை, அவள் உயிரோடு இருக்கக் கூடாதே என்று ஒரு நினைப்பு வந்துகொண்டே இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். செத்திருந்தால் அழுதுவிட்டுத் திரும்பிவிடலாமே. பஸ் ஸ்டாப்புக் கடையில் பெயரைச் சொன்னதுமே வீட்டைக் காட்டிவிட்டார்கள். முற்றத்தில் சாமை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை, முதுகு மட்டும் நிமிர்ந்தே இருக்கிறது. என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, ஒக்காருங்க" என்றாள், நேற்று வேலைக்கு வந்துவிட்டுப் போனவள் மாதிரி. நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சோப்பில் காரம் என்பதை, புளித்தண்ணீரை, எனக்குத் தெரியும் என்பதை.

அவள் சாமையைக் கையால் பரப்பியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரியுங்கக்கா. நூலு எங்கையிலதான இருந்துச்சு" என்றாள். "அப்ப நீ ஏன் அங்கியே சொல்லல?" என்றேன். "நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க சொல்லுவீங்கன்னு நின்னுக்கினு இருந்தேன். எல்லாரும் போனப்பறமும் நின்னேன். நீங்க உள்ள போனீங்க. சொல்றதுக்குத்தான் யாரையாவது கூப்புட போறீங்கன்னு நெனச்சேன். சேல எடுத்துக்கினு வந்தீங்க" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நான் அத வாங்கனது தப்புக்கா" என்றாள். "வாங்கிக்கினதால உங்களுக்கு அது முடிஞ்சு போச்சு." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதற்கப்புறம் அவள் கள்ளக்குறிச்சி பக்கமே வரவில்லையாம். விளைந்ததையெல்லாம் விற்க அடுத்தவர் கையில் கொடுத்தனுப்பி, அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டிருக்கிறாள். தங்கச்சி செத்ததற்குக்கூட இறங்கவில்லை. மன்னிச்சிடு என்று கேட்கத்தான் போனேன். கேட்டேனா என்று எனக்கே நினைவில்லை, அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. சோறு போட்டாள், சாப்பிட்டேன்.

கிளம்பும்போது பையிலிருந்து உன் சாம்பிள் பாட்டிலை எடுத்தேன். எதற்கு எடுத்துப் போனேனோ, வெறுங்கையோடு போகக் கூச்சம். "என் பையன் கலக்குனது" என்றேன். "நம்ம தம்பியா?" என்றாள். முகம் அப்போதுதான் மலர்ந்தது. நீ எத்தனை உயரம், என்ன நிறம், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு நூலும் மஞ்சள் கொம்பும் எடுத்துவந்து, கல்லில் உரசி, நூலில் தடவி, என் எதிரிலேயே உட்கார்ந்து உன் சோப்பில் தோய்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நூல் மஞ்சளாகவே இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்லாதான் கலக்கியிருக்கான்" என்றாள். அப்புறம் நூலைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. "நூலுக்குத் தெரியாதது உள்ள வேற ஒண்ணும் இல்லியேக்கா?" என்று கேட்டாள்.

தம்பி, நூலுக்குத் தெரியாதது உள்ளே இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். நீ சோதனைக்கு அனுப்பியிருக்கிறாயே அந்த டையாக்சேன், அது மஞ்சளுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது, ரிப்போர்ட்டில்தான் தெரியும். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இருக்கலாம் என்று சொல்லவும் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து மலையேறிப் போய், அவள் எதிரில், மறுபடியும் பதில் பேசாமல் நின்றேன். பஸ் வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

ஆகவே என் போட்டோ வேண்டாம், அந்த வரியும் வேண்டாம். திறப்பு விழா தள்ளிப்போனால் போகட்டும், பார்ட்னர் முகத்தைத் தூக்கிக்கொண்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள், பொய்யும் இல்லை. அவள் தோய்த்துக் காயவைத்த நூலை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன், எடுத்துப் பார். ரிப்போர்ட் வந்ததும், அது நல்லபடியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை எடுத்துக்கொண்டு வா. நாம் இரண்டு பேரும் கரியாலூர் போகலாம். அவள் கேட்டதற்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது, இந்தத் தடவை நான் சொல்கிறேன், நீ பக்கத்தில் நில்.

உன் அம்மா